எட்டு போன், ஒரு மலை: நம் பக்கத்தில் நியாயமான ஷூட்டிங் கேம் போட்டி வைப்பது எப்படி

ஒரு தீபாவளிக்கு அடுத்த நாள் இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் ஃப்ரீ ஃபயர் போட்டி வைத்தோம். நாலுக்கு நாலு பேர். அவரவர் வீட்டிலிருந்தே ஆடினார்கள். கீழ்ப்பிரிவுப் பையன்களால் ஒரு ரவுண்டுகூட எடுக்க முடியவில்லை. இரண்டாவது மேட்ச் முடிந்ததும் ஒரு தம்பி, எதிரணியில் ஒருவன் ஹேக் போட்டிருக்கிறான் என்று குரூப்பில் எழுதிவிட்டான். அந்த இருவரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் அந்தத் தம்பியின் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசலில் உட்கார்ந்து அவன் போனில் பிங்கை, அதாவது நெட் எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற எண்ணைப் பார்த்தேன். 180, 210, 160 என்று குதித்துக்கொண்டே இருந்தது. மேற்பிரிவிலிருந்து பார்த்தால் டவர் நேரே தெரியும், அங்கே 60, 65ஐத் தாண்டாது. கீழ்ப்பிரிவுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு மலை முழுதாக நிற்கிறது. யாரும் ஹேக் போடவில்லை.

அதற்குப் பிறகு சின்னதும் பெரியதுமாகப் பல போட்டிகள் வைத்துவிட்டோம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதே பள்ளத்தில் விழக் கூடாது என்றுதான் நாங்கள் செய்கிற வேலைகளை வரிசையாக எழுதுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளை, பசறை, எங்கே இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே விதி வைத்துவிட்டால் நியாயமாகிவிடாது. நம் அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொழுந்து நிறைந்த மலைக்கும் காய்ந்த மலைக்கும் ஒரே கிலோ கணக்கு வைத்தால், காய்ந்த மலைக்குப் போனவருக்குத்தான் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் விழும். அவர் கை மெதுவானது என்று யாரும் சொல்ல முடியாது. ஷூட்டிங் கேமிலும் தோல்வி நான்கு பக்கத்திலிருந்து வரும்: நெட், போன், கேமின் அமைப்பு, ஆளின் திறமை. போட்டி வைக்கிறவரின் வேலை முதல் மூன்றையும் முடிந்தவரை சமப்படுத்தி, நான்காவதை மட்டும் மோத விடுவது.

முதல் வேலை: எந்த கேம், எந்த மோட்

பெரிய மேப்பில் எல்லோரும் குதித்து ஆடுகிற பேட்டில் ராயல் வேண்டாம். பப்ஜி மொபைலில் ஒரு மேட்சுக்கு 100 பேர், ஃப்ரீ ஃபயரில் 50 பேர். யாருக்கு எங்கே துப்பாக்கி கிடைக்கிறது, ஆடக்கூடிய வட்டம் எந்தப் பக்கம் சுருங்குகிறது என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு அதிகம். பொழுதுபோக்குக்கு அது அருமையான ஆட்டம்தான். ஆனால் இரண்டு அணிகளில் எது சிறந்தது என்று பார்க்க வேண்டுமானால் சின்ன மோட், அதாவது சில பேர் மட்டும் ஆடுகிற ஆட்ட வகையை எடுங்கள். ஃப்ரீ ஃபயரின் கிளாஷ் ஸ்குவாடில் நாலுக்கு நாலு, முதலில் 4 ரவுண்டு எடுத்த அணி வெல்லும். பப்ஜி மொபைலில் டீம் டெத்மேட்ச், கால் ஆஃப் டியூட்டி மொபைலில் சர்ச் அண்ட் டிஸ்ட்ராய் இருக்கின்றன. டவுனில் கம்ப்யூட்டர் கிடைத்தால் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 அல்லது வேலரண்ட்.

எங்கள் பக்கத்துப் பையன்களிடம் இருக்கிற போன்களுக்கு ஃப்ரீ ஃபயர்தான் சரிப்படுகிறது, சின்ன போனிலும் ஓடும். கஸ்டம் ரூம் (நாம் அழைத்தவர்கள் மட்டும் ஆடுகிற தனி ரூம்) திறக்க ரூம் கார்டு தேவைப்படலாம், அதை முதல் நாளே ஒருவர் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது வேலை: நெட்

நம் பக்கத்தில் பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிங் என்பது உங்கள் போனிலிருந்து, கேமை நடத்துகிற கம்ப்யூட்டரான சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். அதை மில்லிசெக்கண்டில், அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சொல்வார்கள். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து அங்கே சுமார் 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர மட்டுமே 27 மில்லிசெக்கண்ட் ஆகிவிடும். எவ்வளவு பணம் கட்டினாலும் அதற்குக் கீழே யாராலும் இறங்க முடியாது. அதற்கு மேல் டவர், கூட்டம், மலை, வீட்டுச் சுவர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைக் கூட்டும்.

சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாகிறோமே, அது ஏன்? நிறைய பேர் ஹேக் என்று நினைப்பது இதைத்தான். கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற கேம்களில், சுடுகிறவர் விசையை அழுத்திய நேரத்தில் அவர் திரையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை சர்வர் பின்னோக்கிப் போய்ப் பார்த்துத்தான் குண்டு பட்டதா என்று முடிவு செய்கிறது. அவர் திரையில் நீங்கள் இன்னும் வெளியே நிற்கிறீர்கள், உங்கள் திரையில் மறைந்துவிட்டீர்கள். நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிற ஒருவர் 180 மில்லிசெக்கண்டில் 90 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், ஒரு கதவின் அகலம். இரண்டு திரையும் பொய் சொல்லவில்லை. இதே காரணத்தால்தான் மூலையில் காத்திருப்பவரைவிட மூலையிலிருந்து பாய்ந்து வருகிறவர் எதிரியைக் கொஞ்சம் முன்னதாகப் பார்க்கிறார். புதியவர்களுக்கு இதை ஒரு முறை பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். குற்றச்சாட்டுகள் உடனே குறையும்.

இன்னொன்று, பிங் எண் பெரிதா சிறிதா என்பதைவிட அது அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். 90இல் நிலையாக நிற்கிற லைனில் கை பழகிக்கொள்ளும். 40க்கும் 200க்கும் இடையே குதிக்கிற லைனில் யாராலும் குறி வைக்க முடியாது.

சரி, என்ன செய்வது? போட்டிக்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொருவரும் ஆடப்போகிற இடத்தில், ஆடப்போகிற நேரத்தில், பத்து நிமிடம் பயிற்சி மைதானத்தில் நின்று பிங்கின் குறைந்த எண்ணையும் அதிகபட்ச எண்ணையும் எழுதி அனுப்பட்டும். நேரம் முக்கியம். பகல் 2 மணிக்கு நன்றாக இருக்கிற டவர், இரவு 8 மணிக்கு எல்லோரும் வீடு திரும்பியதும் திணறும். எழுதி வந்த எண்களைப் பார்த்து 120க்கு மேல் குதிக்கிறவர்களுக்கு இடம் மாற்றிக் கொடுங்கள். ஒரு வளைவு தாண்டி வாசகசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போனாலே பல வீடுகளின் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதைவிட நல்ல வழி, எட்டு பேரையும் ஒரே இடத்தில், ஒரே வைஃபையில் உட்கார வைப்பது. கெட்டதோ நல்லதோ, எல்லோருக்கும் ஒரே லைன். ஷூட்டிங் கேம் ஆடுவதற்கு டேட்டா மிகக் குறைவாகத்தான் போகும். வைஃபையைக் கொல்வது வேறு: யாராவது ஒருவர் போனில் பின்னால் ஓடுகிற அப்டேட், தானாக இறங்குகிற வாட்ஸ்அப் வீடியோ, பக்கத்தில் யூடியூப் பார்க்கிற பிள்ளை. ஒரே ஒரு பெரிய டவுன்லோட் போதும், எட்டு பேரின் பிங்கும் ஏறிவிடும். அப்டேட் எல்லாம் முதல் நாள் இரவே முடிய வேண்டும், போட்டி நேரத்தில் ஆட்டோ டவுன்லோட் எல்லோர் போனிலும் நிறுத்தப்பட வேண்டும். ரவுட்டர் ஆடுகிற அறைக்குள்ளேயே இருக்கட்டும். பழைய கல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் பாதி சிக்னல் சுவரோடு போய்விடும்.

எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கூட்ட முடியாத போட்டியில், பிரிவுக்குப் பிரிவு என்று அணி பிரிக்காதீர்கள். நாங்கள் செய்த தவறு அதுதான். நல்ல சிக்னல் உள்ள இருவர், மோசமான சிக்னல் உள்ள இருவர் என்று இரண்டு அணியிலும் கலந்து போடுங்கள். ஊர்ப்பெருமைக்கு வாலிபால் இருக்கிறது.

மூன்றாவது வேலை: போன்

நொடிக்கு 30 ஃப்ரேம் (படம்) ஓடுகிற போனில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 33 மில்லிசெக்கண்ட். 60 ஃப்ரேமில் 17, 90 ஃப்ரேமில் 11. விலை உயர்ந்த போன் வைத்திருப்பவர் எதிரியைக் கொஞ்சம் முன்னதாகவே பார்க்கிறார், திரையும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எங்கள் விதி: கிராபிக்ஸை எல்லோரும் கீழே வைக்க வேண்டும், ஃப்ரேம் 60க்கு மேல் யாரும் போகக் கூடாது. 60 எட்டாத போன்கள் எத்தனை என்று எண்ணி, இரண்டு அணிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்போம். ஒற்றைப்படையாக வந்தால் அந்தப் பையனுக்கு வேறு போன் கடன் வாங்கித் தருவோம். ஒவ்வொரு முறையும் யாராவது கொடுத்திருக்கிறார்கள்.

டேப்லெட்டை அனுமதிக்காதீர்கள். ஐபாட் வியூ என்று பையன்கள் சொல்வது உண்மைதான், சதுரமான திரையில் மேலும் கீழும் அதிகம் தெரியும். கம்ப்யூட்டரில் போன் கேமை ஓட வைக்கிற எமுலேட்டர் போட்டு மவுஸால் ஆடுவதும் கூடாது. பப்ஜி மொபைல் பொது மேட்ச்களில் எமுலேட்டர்காரர்களைத் தனியாகச் சேர்த்துவிடும். உங்கள் ரூமில் அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். போனில் மாட்டுகிற ட்ரிகர் பட்டன்களையும் கழற்றச் சொல்லுங்கள்.

கைரோ பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. போனைச் சாய்த்துக் குறிவைப்பது ஒரு திறமை, அதைத் தடுப்பது தவறு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் விலை குறைந்த பல போன்களில் அந்த சென்சாரே கிடையாது. எட்டு பேரில் இரண்டு பேருக்கு மேற்பட்டவர்களின் போனில் அந்த சென்சார் இல்லையென்றால், எல்லோரும் கைரோவை நிறுத்த வேண்டும் என்பது என் முடிவு.

நுவரெலியா பக்கம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரிக் குளிரில் விரல் விறைத்துப்போய் வருகிறவனையும் அடுப்படியிலிருந்து எழுந்து வருகிறவனையும் நேரே மோத விடாதீர்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு கப் சூடான பிளேன்டீ கொடுத்து, பத்து நிமிடம் கழித்து ஆரம்பியுங்கள். விரலில் ஈரம் இருந்தால் திரை சரியாகத் தொடுகையை எடுக்காது, ஒரு துணி பக்கத்தில் இருக்கட்டும். சார்ஜில் போட்டபடி ஆட வேண்டாம். போன் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அம்மாவுடையது என்கிற பிள்ளைகள் நம் தோட்டங்களில் நிறைய. வேலை நாளில் போட்டி வைத்தால் அவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். ஞாயிறு அல்லது போயா (பௌர்ணமி) விடுமுறையில் வையுங்கள். தங்கச்சிமார் ஆட வருவதும் அன்றுதான் எளிது. எங்கள் தோட்டத்தில் நன்றாக ஸ்னைப்பர் ஆடுகிறவர்களில் ஒருத்தி பதினேழு வயது தங்கச்சிதான்.

நான்காவது வேலை: ஆள் பிரிப்பது

கேம் காட்டுகிற ரேங்கை அப்படியே நம்பாதீர்கள். நிறைய நேரம் ஆடினாலே ஏறிக்கொண்டு போகிற ரேங்க்கள் உண்டு. சிலர் புது அக்கவுண்டில் வந்து கீழ் ரேங்க்கைக் காட்டுவார்கள்.

முதல் போட்டிக்கு எளிய வழி இது. எட்டு பேரையும் திறமைப்படி 1 முதல் 8 வரை வரிசைப்படுத்துங்கள், அவர்களே ஒருவரையொருவர் வரிசைப்படுத்தட்டும். பிறகு 1, 4, 5, 8 ஒரு அணி, 2, 3, 6, 7 மற்ற அணி. இரண்டிலும் கூட்டினால் 18 வரும். இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பதானால், முதலில் எடுத்தவர் ஒருவரை எடுத்ததும் மற்றவர் இரண்டு பேரைச் சேர்த்து எடுக்க வேண்டும். தெருவில் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரித்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். கடைசியாக எடுக்கப்படுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் முதல் வழியைத்தான் விரும்புவார்கள். நானும் அப்படியே.

நாலைந்து போட்டி நடந்த பிறகு ஒரு கொப்பியில் புள்ளி எழுதத் தொடங்குங்கள். சதுரங்கத்துக்காக ஆர்பாட் எலோ என்ற பௌதிகவியல் பேராசிரியர் வகுத்த முறைதான் இதற்கு அடிப்படை, உலக சதுரங்க சம்மேளனம் அதை 1970இல் ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் 1000இல் ஆரம்பம். சம பலம் உள்ள அணிகள் மோதினால் வென்றவர்களுக்கு 16 கூட்டி, தோற்றவர்களுக்கு 16 கழியுங்கள். சராசரியில் 200 அதிகம் உள்ள அணி வென்றால் 8 மட்டும். குறைந்த அணி வென்றுவிட்டால் 24. 200 புள்ளி வித்தியாசம் என்றால் பலமானவர் நாலில் மூன்று முறை வெல்வார் என்பது இந்தக் கணக்கின் எதிர்பார்ப்பு. அவ்வளவு வித்தியாசம் தெரிந்தால் அணியைக் கலைத்துப் போடுங்கள்.

ஐந்தாவது வேலை: ரூம் செட்டிங்

ஃப்ரீ ஃபயரில் சில துப்பாக்கி ஸ்கின்கள் (மேல்தோற்றங்கள்) அழகுக்கு மட்டுமல்ல, சேதத்தையும் ரீலோட் வேகத்தையும் மாற்றும். காசு போட்டவருக்கும் போடாதவருக்கும் இடையே வித்தியாசம் இங்கேதான் வருகிறது. கஸ்டம் ரூமில் இந்த மாற்றத்தைத் தருகிற கன் ஆட்ரிபியூட்டை நிறுத்திவிடுங்கள், இதில் பேச்சுக்கே இடமில்லை. கேரக்டர் ஸ்கில்லை, அதாவது பாத்திரங்களின் சிறப்புத் திறனை, புதியவர்கள் உள்ள போட்டியில் நிறுத்துவது நல்லது. மூன்று வருடமாக ஆடுகிற அக்கவுண்டில் எல்லா ஸ்கில்லும் இருக்கும், போன மாதம் தொடங்கியவரிடம் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

ஆனால் ஒரு துப்பாக்கி வலுவாகத் தெரிகிறது என்பதற்காக உடனே தடை போடாதீர்கள். சமநிலை என்பது எல்லாத் துப்பாக்கியும் ஒன்றாக இருப்பதல்ல, ஒவ்வொன்றின் பலத்துக்கும் ஒரு விலை இருப்பது. கவுண்டர் ஸ்ட்ரைக்கைப் பாருங்கள். ஏடபிள்யூபி ஸ்னைப்பர் உடம்பில் ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும், ஆனால் கேமுக்குள் ஓடுகிற பணத்தில் அதன் விலை 4,750 டாலர், முதல் ரவுண்டில் கையில் இருப்பது 800. வாங்கியவர் செத்தால் துப்பாக்கியும் போய்விடும். தொடர்ந்து தோற்கிற அணிக்குக் கொடுக்கிற தொகை 1,400இல் தொடங்கி 3,400 வரை ஏறும், அதனால் விழுந்த அணி எழுந்து நிற்க முடிகிறது. ஷாட்கன் கிட்டத்தில் ராஜா, தூரத்தில் ஒன்றுக்கும் உதவாது. யாராவது ஷாட்கன் அநியாயம் என்று சொன்னால், அவர் ஏன் ஷாட்கன்காரரின் கிட்டே போனார் என்று முதலில் கேளுங்கள். ஐந்து மேட்ச் எண்ணிப் பார்த்து, எல்லோருமே அதே துப்பாக்கியைத்தான் எடுக்கிறார்கள், வேறு எதனாலும் அதை எதிர்க்க முடியவில்லை என்றால் அப்போது தடையைப் பற்றிப் பேசலாம். புது அப்டேட் வந்தால் தடையை மறுபடி பாருங்கள், அதற்குள் எண்களை மாற்றியிருப்பார்கள்.

மேப்பின் இரண்டு பக்கமும் எப்போதும் சமமாக இருப்பதில்லை. சரிவான கிரவுண்டில் வாலிபால் ஆடினால் செட்டுக்குச் செட் பக்கம் மாறுகிறோம் இல்லையா, அதேதான். கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் 12 ரவுண்டு முடிந்ததும் பக்கம் மாறும், 13 எடுத்தவர் வெல்வார். முதலில் எந்தப் பக்கம் என்பதைப் போட்டிகளில் கத்திச் சண்டை ரவுண்டு வைத்துத் தீர்மானிப்பார்கள். போன் கேமில் பக்கம் மாறாத மோட் என்றால் ஒரே மேப்பில் இரண்டு மேட்ச் வையுங்கள், பக்கத்தை நீங்களே மாற்றுங்கள்.

ஆறாவது வேலை: ஏமாற்றும் நடுவரும்

தானாகக் குறிவைக்கிற எய்ம்பாட்டும் சுவருக்கு அப்பால் காட்டுகிற வால்ஹேக்கும் உண்மையிலேயே இருக்கின்றன. கேமின் மாற்றிய ஏபிகே (இன்ஸ்டால் ஃபைல்) போட்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் நல்ல ஆட்டக்காரரைத்தான் முதலில் ஹேக்கர் என்கிறார்கள், அது என் மனதை மிகவும் வருத்துகிற விஷயம். ஒரு பிள்ளை ஒரு வருடம் பழகிச் சம்பாதித்த கையை ஒரே வார்த்தையில் பறித்துவிடுகிறோம்.

அதனால் சந்தேகத்துக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். எல்லோரும் ஸ்கிரீன் ரெக்கார்டை ஓட விட வேண்டும். அதனால் தடுமாறுகிற போன் என்றால், எதிரணியின் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும், வாய் திறக்காமல். ஒரே அறையில் இரண்டு அணியும் இருந்தால் முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள், பக்கத்துத் திரையை எட்டிப்பார்க்க முடியாது. குற்றச்சாட்டை மேட்ச் முடிந்ததும் நடுவரிடம் மட்டும் சொல்ல வேண்டும், குரூப்பில் எழுதியவருக்கு அடுத்த மேட்ச் கிடையாது. நடுவராக எந்த அணியிலும் தம்பியோ மச்சானோ இல்லாத ஒரு அண்ணனைப் பிடியுங்கள். அவருக்கு கேம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விதியைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

பந்தயப் பணம் சேர்க்காதீர்கள். ஒரு ஷீல்டோ, எல்லோருக்கும் ரொட்டியும் டீயும் போதும். ஆயிரம் ரூபா நடுவில் வந்து உட்கார்ந்த போட்டியில் இதுவரை எழுதிய எதுவும் நிற்காது.

ஏழாவது வேலை: கரண்ட், மழை

ஹட்டன், நுவரெலியா பக்கத்துக்கு ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. காற்றில் மரம் விழுந்து லைன் போகும். அங்கே பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். பதுளை, பண்டாரவளை பக்கம் இதற்கு எதிர்மாறு, அந்த நடு மாதங்கள்தான் காய்ந்திருக்கும், வருடக் கடைசியில்தான் மழை. இரண்டு பக்கத்துப் பையன்களும் ஆடுகிற போட்டி என்றால் மார்ச் மாதத்தைப் பாருங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன பேக்கப் பாட்டரி போட்டுவிடுங்கள்.

ஆனாலும் யாராவது ஒருவர் லைன் அறுந்து வெளியே போவார். விதி முன்பே தாளில் இருக்கட்டும். ரவுண்டில் முதல் ஆள் விழுவதற்கு முன்பு அறுந்தால் அந்த ரவுண்டு செல்லாது. விழுந்த பிறகு என்றால் ரவுண்டு தொடரும், முடிந்ததும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு அணிக்கு ஒரு மேட்சில் ஒரு முறைதான் இந்தச் சலுகை. மொத்தக் கரண்டும் போனால் இருக்கிற ஸ்கோரை எழுதி வைத்துவிட்டு அடுத்த ஞாயிறு அங்கிருந்து தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் நான் செய்கிற கடைசி வேலை ஒன்று உண்டு. பிங், போன், புள்ளி எல்லாம் எழுதிய கொப்பியைத் தோற்ற அணியின் கேப்டனிடம் கொடுத்துவிடுவேன். அடுத்த போட்டிக்கு ரூம் போடுவதும், மேப் எடுப்பதும், ஆள் வரிசைப்படுத்துவதும் அவர் பொறுப்பு. போன தடவை அது கீழ்ப்பிரிவுத் தம்பிக்குப் போனது. வாங்கிய அன்று மாலையே அவன் கையில் போனோடு மேற்பிரிவுக்கு ஏறிப்போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பிங் எழுதிக்கொண்டு வந்தான்.